பட்டா இல்லாதவர் கணக்கு

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்குக் கரிசலில், ஒரு சூரிய மின் நிலையத்தின் வேலியோரமாகப் பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். ஆளுயரத்துக்கும் மேலே கம்பிவேலி. உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீலத் தகடுகள். வேலிக்கு வெளியே ஊர் விலக்கில் ஒரு நிழற்குடை, அதற்கு அடுத்து ஆர்.ஓ. தண்ணீர் நிலையம், கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடச் சுவரில் வண்ணப் படங்கள். மூன்றிலும் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தது. வேலி திரும்பும் மூலையில் ஒரு கீதாரி நூற்றுச் சொச்சம் ஆடுகளுடன் நின்றிருந்தார். அவர் தகப்பனார் காலத்திலிருந்து ஓடைக்கு நேராக இறங்கிய பாதை வேலிக்குள் போய்விட்டது. இப்போது சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஆடுகளைத் தண்ணீருக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை என்றார். அறுப்பு முடிந்த காடுகளில் கிடை போட்டு, ராத்திரிக்கு இவ்வளவு என்று சம்சாரிகளிடம் வாங்கிய காசும் அந்தப் பக்கத்தில் நின்றுபோயிற்று.

பிறகு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தேடிப் படித்தேன். நிழற்குடை இருந்தது, தண்ணீர் இருந்தது, சுவர்ப்படங்கள் இருந்தன. தண்ணீர் நிலையத்தின் பயனாளிகள் என்ற கட்டத்தில் ஊரின் மொத்த மக்கள்தொகையே போடப்பட்டிருந்தது. கீதாரி எந்தப் பக்கத்திலும் இல்லை.

சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடப்பதையும், இறால் பிடிக்கக் கழிமுகத்தில் இறங்குகிறவர்கள் அந்தச் சாம்பல் சேற்றில் நிற்பதையும் பார்த்த யாரும் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க மாட்டார்கள். நமக்குப் புகையில்லாத மின்சாரம் வேண்டும், விரைவாகவும் வேண்டும். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர் என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால் அவர் வரவுசெலவை யாரும் சரிபார்ப்பதில்லை. பசுமை மின்சார நிறுவனங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது. அவர்களுடைய சமூகத் தாக்கத்தை அளப்பதாகச் சொல்லும் முறைகள் இன்று நான்கைந்து புழக்கத்தில் உள்ளன. அவை உண்மையில் தாக்கத்தை அளக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோரும் காட்டும் சி.எஸ்.ஆர். கணக்கு, அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்புக் கணக்கு. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின்படி 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தத் தொகை எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். லாபத்தை வைத்து. ஓர் ஊருக்கு நேர்ந்த பாதிப்பின் அளவுக்கும் அந்த ஊருக்கு வரும் தொகைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சூரிய மின் நிலையம் கடன் வாங்கிக் கட்டப்படுவது. முதல் சில ஆண்டுகளில் வட்டி போக லாபம் சொற்பமாகத்தான் நிற்கும். ஆனால் ஊரில் வேலை போவது, மேய்ச்சல் போவது, பாதை அடைபடுவது எல்லாம் அதே முதல் சில ஆண்டுகளில்தான் நடக்கிறது. அடி அதிகமாக விழும் காலத்தில் மருந்து குறைவாக வரும்படி அமைந்த ஏற்பாடு இது.

2021 ஜனவரியில் சி.எஸ்.ஆர். விதிகள் திருத்தப்பட்டபோது ‘தாக்க மதிப்பீடு’ என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது. சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாமல் செலவழித்த திட்டங்களை, அவை முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, தனித்த அமைப்பு ஒன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இது வரவேற்க வேண்டிய முன்னேற்றம் என்றே நானும் நினைத்தேன். விதியை வரிவரியாகப் படித்தால் சங்கதி வேறு. மதிப்பிடப்படுவது நிறுவனத்தின் தொழில் ஊரில் உண்டாக்கிய தாக்கம் இல்லை, நிறுவனம் கொடுத்த நன்கொடையின் தாக்கம். தண்ணீர் நிலையம் வேலை செய்கிறதா, எத்தனை பேர் குடம் பிடிக்கிறார்கள் என்பதைத்தான் அந்த அமைப்பு போய்ப் பார்க்கும். தண்ணீர் நிலையத்துக்குப் பின்னால் தெரியும் இரண்டாயிரம் ஏக்கர் வேலி அதன் ஆய்வு எல்லைக்கு வெளியே. மதிப்பிடுகிறவரைத் தேர்ந்தெடுத்துக் கூலி கொடுப்பதும் அதே நிறுவனம்தான். மதிப்பிடுகிறவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வித்தாளை எழுதுகிறவரே மாணவராக இருக்கும்போது, திருத்துகிறவர் எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட பொறுப்பு அறிக்கை இது. ஒன்பது கோட்பாடுகள், எட்டாவது கோட்பாடு எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சியைப் பற்றியது. நம் கேள்விக்கு நேராக வரும் இடம் அதுதான். அங்கே முதல் வினாவே, நிறுவனம் செய்த சமூகத் தாக்க மதிப்பீடுகளின் விவரத்தைக் கேட்கிறது. கூடவே ‘பொருந்தும் சட்டங்களின்படி’ என்ற ஒட்டு ஒன்று இருக்கிறது. சட்டம் அப்படி ஒரு மதிப்பீட்டைக் கேட்காத இடத்தில் ‘பொருந்தாது’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். எழுதினால் அது பொய்யும் ஆகாது.

சட்டம் ஏன் கேட்பதில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் பார்க்க வேண்டும். முழு விவகாரத்தின் முடிச்சும் இங்கே விழுந்திருக்கிறது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், அரசு நிலம் எடுக்கும்போது சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. யார் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு அதன் 3ஆம் பிரிவு தரும் விளக்கம் இந்தியச் சட்டங்களில் நான் படித்த மிகக் கருணையான வரிகளில் ஒன்று. நிலம் சொந்தமில்லாதவராக இருந்தாலும், அந்த நிலப்பரப்பில் மூன்றாண்டுகளாக விவசாயக் கூலியாகவோ, குத்தகைக்காரராகவோ, வாரதாரராகவோ, கைவினைஞராகவோ உழைத்து அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தால் அவர் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம். பட்டா கையில் இல்லாதவரை ‘இவரும் இந்த மண்ணின் ஆள்’ என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் அது.

ஆனால் இந்த விளக்கம் அரசு கையகப்படுத்தும் நிலத்துக்கு. நிறுவனமோ அதன் தரகரோ சம்சாரிகளிடம் நேரடியாக விலை பேசிப் பத்திரம் முடித்தால் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை. மாநில அரசு வகுக்கும் பரப்பளவு வரம்பைத் தாண்டித் தனியார் வாங்கினால் மறுவாழ்வுக் கடமை உண்டு என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் விலைக்கு வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறது, நீண்டகாலக் குத்தகையைத் தொடவில்லை. இன்னொரு பக்கம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சூரியத் தகடு நிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் முன் அனுமதி தேவையில்லை. முன் அனுமதி இல்லையென்றால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. ஆக, ஒரு கல்குவாரிக்கு எதிராக எழுந்து நின்று பேச நம் ஊர்க்காரருக்கு இருக்கும் மேடைகூட இரண்டாயிரம் ஏக்கர் சூரியப் பூங்காவுக்கு எதிரே கிடையாது. இரண்டு சட்டங்களும் விட்ட இடைவெளி வழியாக நிலம் கைமாறுகிறது. அந்த இடைவெளியில் கணக்கெடுக்கப்படாமல் போகிறவர்கள் பட்டா இல்லாதவர்கள்.

கமுதியை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிக்கு அருகே செங்கப்படை வட்டாரத்தில் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் நிலையம் 2016 செப்டம்பரில் முழுமையடைந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று அறிவிக்கப்பட்டது. 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், சுமார் 4,550 கோடி ரூபாய் முதலீடு. ஏறத்தாழ 8,500 பேர் உழைத்து எட்டே மாதங்களில் கட்டி முடித்தார்கள். பொறியியல் சாதனை என்ற வகையில் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சுமார் ஒன்றரை லட்சம் வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் என்றும் சொன்னார்கள்.

இப்போது அந்த நிலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வானம் பார்த்த புஞ்சை. மழை பெய்தால் மிளகாய், பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கும் அரசு ஆவணத்துக்கும் அது தரிசு. ராமநாதபுரத்துக்காரருக்குத் தெரியும், அது தரிசு இல்லை. கருவேலத்தை வெட்ட விலை பேசி எடுத்து, விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு, நாள்கணக்கில் புகையைக் காத்துக் கரியாக்கி மூட்டை கட்டி விற்கும் குடும்பங்கள் அந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. பெண்களுக்கு அடுப்பு விறகு அங்கிருந்து வருகிறது. ஆடுகளுக்கு நெற்று அங்கே உதிர்கிறது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்ன மரம்தான் அது. நிலத்தடி நீருக்குக் கேடு என்ற வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனாலும் ஒரு மரம் நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி, அதை வைத்து யார் பிழைத்தார் என்பது வேறு கேள்வி. தாக்கத்தை அளக்க வருகிறவர் இரண்டாவதைக் கேட்க வேண்டும். நிலம் ‘தரிசு’ என்று தாளில் இருக்கும்போது, அதிலிருந்து போன பிழைப்பின் மதிப்பும் சுழியம் என்று ஆகிவிடுகிறது. கமுதியில் பட்டாதாரருக்குக் கிடைத்த விலை பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் இருக்கும். மூட்டம் போட்டவரின் வருமானத்துக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

ஒன்றரை லட்சம் வீடுகள் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உற்பத்தியின் அளவு. உற்பத்தியை வீடுகளாக மாற்றிச் சொன்னால் சமூகத் தாக்கம்போலத் தோன்றும். அந்த வீடுகள் எவை, அவற்றுக்கு அதற்கு முன் மின்சாரம் இல்லையா, வேலிக்கு அடுத்த ஊரில் மின்வெட்டு குறைந்ததா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. விலையும் கணக்கில் வர வேண்டும். தமிழ்நாடு மின்வாரியத்துடன் 2015இல் கையெழுத்தான 25 ஆண்டு ஒப்பந்தத்தில் யூனிட் விலை 7.01 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. முன்னால் வந்தவருக்குத் தகடு விலை அதிகம் என்பது நியாயமான பதில்தான். என்றாலும் மின்கட்டணம் கட்டும் குடும்பங்கள் சுமக்கும் இந்த வித்தியாசம் சமூகத் தாக்கம் ஆகாதா? எந்த நிறுவன அறிக்கையும் அதை அந்தத் தலைப்பில் வைப்பதில்லை.

வேலைவாய்ப்புக் கணக்கில் இதைவிட நுட்பமான சிக்கல் இருக்கிறது. கமுதியில் தகடுகளைத் துடைக்க ரோபோக்கள் உள்ளன. வறண்ட மாவட்டத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. தண்ணீர்க் கணக்கில் நிறுவனத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்க வேண்டும், கிடைப்பதும் நியாயம். ஆனால் கட்டுமானம் முடிந்த பிறகு உள்ளூர்க்காரருக்கு மிஞ்சியிருக்கக்கூடிய வேலைகளில் பெரிய வேலை துடைப்பதுதான். ஒரே இயந்திரம் ஒரு கட்டத்தில் நன்மை, இன்னொரு கட்டத்தில் இழப்பு. அறிக்கையில் முதல் கட்டம் மட்டும் இருக்கிறது. 8,500 என்ற எண்ணும் அப்படியே. எட்டு மாத வேலையை ‘8,500 வேலைவாய்ப்பு’ என்று எழுதினால் படிக்கிறவர் மனத்தில் நிரந்தர வேலை பதியும். எத்தனை பேர் என்பதோடு எத்தனை நாள், எந்த ஊர்க்காரர், முடிந்தபின் எத்தனை பேர் என்றும் சேர்த்து எழுதினால்தான் அது அளவை.

பட்டாதாரர் நிலையை மட்டும் பார்த்தால் கமுதியைவிட மேலான ஏற்பாடு கர்நாடகத்தின் பாவகடாவில் நடந்தது. தும்கூரு மாவட்டத்தின் ஐந்து ஊர்களில் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்து 2,050 மெகாவாட் பூங்கா அமைத்தார்கள். ஆண்டுக்கு ஏக்கருக்கு 21,000 ரூபாய், 28 ஆண்டுக் குத்தகை, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. தொடர்ந்து வறட்சியில் கிடந்த வட்டாரம் அது. நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது, மழை பெய்யாவிட்டாலும் வருமானம் வருகிறது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பாவகடாவைப் பலரும் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்கைச் சற்று நீட்டிப் பாருங்கள். இரண்டாண்டுக்கு 5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை. ரிசர்வ் வங்கி விலைவாசி உயர்வுக்கு வைத்திருக்கும் இலக்கே ஆண்டுக்கு 4 விழுக்காடு. விலைவாசி இலக்கைத் தாண்டாமல் நடந்துகொண்டாலும்கூட 28 ஆண்டுகளில் குத்தகைப் பணத்தின் வாங்கும் சக்தி தேய்ந்துகொண்டேதான் போகும். அந்த நிலங்களில் களையெடுத்து, கடலை பறித்துக் கூலி வாங்கியவர்களுக்கோ குத்தகைப் பணத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. நிலமற்ற கூலிக் குடும்பங்கள் வேலை தேடி வெளியூர் போவதை அங்கே போய்வந்த செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஊர்களிலும் ‘சராசரி வருமானம் உயர்ந்ததா’ என்று கேட்டால் ஆம் என்ற பதில் வரக்கூடும். அதே ஐந்து ஊர்களில் ‘யாருடைய வருமானம்’ என்று கேட்டால் பதில் ஊரை இரண்டாகப் பிரிக்கும்.

இங்கேதான் எஸ்.ஆர்.ஓ.ஐ. என்று அழைக்கப்படும், முதலீட்டின் சமூக வருவாயைக் கணக்கிடும் முறை பெரிய தவறு செய்கிறது. போட்ட ஒரு ரூபாய்க்கு இத்தனை ரூபாய்ச் சமூக நன்மை என்று ஒரே எண்ணில் முடிவு சொல்வது அதன் கவர்ச்சி. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 500 ஏக்கர் நிலையம். நாற்பது பட்டாதாரர்களுக்கு, பழைய விளைச்சல் வருமானத்தைக் கழித்தபின், மொத்தம் 10 கோடி ரூபாய் ஆதாயம். ஊருக்கு சி.எஸ்.ஆர். பணி 1 கோடி. 120 கூலிக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கூலி இழப்பு. பத்தாண்டுக்கு மொத்தம் 3 கோடி. கூட்டிக் கழித்தால் ஊருக்கு 8 கோடி நன்மை. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் ஒவ்வொரு கூலிக் குடும்பமும் இரண்டரை லட்சம் ரூபாயை இழந்து நிற்கிறது, அந்த இழப்புக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்தது ஒரு குடம் தண்ணீர். ஒருவர் வீட்டு ஆதாயத்தை இன்னொருவர் வீட்டு நட்டத்தோடு கழிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? 1990களில் சான் பிரான்சிஸ்கோவில், வேலையற்றோருக்கு வேலை தரும் தொண்டு அமைப்புகளை மதிப்பிடத்தான் இந்த முறை உருவானது. அங்கே கணக்கில் வந்தவரும் பயன்பெற்றவரும் பெரும்பாலும் ஒரே ஆள். நிலத்தை மாற்றியமைக்கும் தொழிலுக்கு அதைக் கொண்டுவரும்போது அந்த அடிப்படையே இல்லாமல் போகிறது. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் அறிக்கைகளை நான் ஏற்க மாட்டேன். நன்மையும் நட்டமும் எந்தெந்தக் குடும்பத்தில் விழுந்தன என்று பிரித்துக் காட்டாத எந்த ஒற்றை எண்ணையும் ஏற்க மாட்டேன்.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் சேர்த்துப் போடும் ஈ.எஸ்.ஜி. மதிப்பெண்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சமூகத்தால் நிறுவனத்துக்கு என்ன இடர் வரும் என்பதைத்தான் அவை பெரும்பாலும் அளக்கின்றன. முதலீட்டாளருக்குத் தேவையானது அது. ஊர் அமைதியாக இருந்தால் மதிப்பெண் குறையாது. எழுத்தறிவில்லாத, சங்கம் இல்லாத, பருவந்தோறும் இடம்பெயரும் மக்கள் அமைதியாகத்தான் இருப்பார்கள்.

தகடு வரும் வழியும் இருக்கிறது. சீனாவின் சிஞ்சியாங்கில், தகடுகளின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் உற்பத்தியில் உய்குர் மக்களின் கட்டாய உழைப்பு இருக்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், அமெரிக்கா 2021இல் தனிச் சட்டம் இயற்றி 2022 ஜூனிலிருந்து அந்தப் பகுதிப் பொருள்களைத் தடுத்தது. இங்கே செபி, பொருள் வழங்குவோர் சங்கிலி பற்றிய விவரங்களை முதலில் ‘கடைப்பிடி, இல்லையேல் காரணம் சொல்’ என்ற நிலையில் வைத்து, பிறகு விருப்பமிருந்தால் தரலாம் என்று தளர்த்திவிட்டது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பவரும் பட்டா இல்லாதவர்தான்.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய கோளாறு இது என்று எண்ண வேண்டாம். கென்யாவில் துர்க்கானா ஏரி அருகே 365 காற்றாலைகளுடன் ஆப்பிரிக்காவின் பெரிய காற்றுப்பண்ணைகளில் ஒன்று எழுந்தது. சாலை, பள்ளி, தண்ணீர் என்று சமூகப் பணிக்குத் தனி அறக்கட்டளையும் இருந்தது. அதே திட்டத்துக்காக ஒன்றரை லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலம் உரிமை மாற்றப்பட்ட முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2021 அக்டோபரில் மேருவில் உள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குக்குப் போனவர்கள் ஆடுமாடு மேய்க்கும் சமூகத்தார். அறக்கட்டளை எண்ணிய எந்த எண்ணிலும் அந்தக் குறை தெரியவில்லை.

இனி மறுபக்க வாதங்கள். காற்றாலையையும் சூரியத் தகட்டையும் ஒன்றாகப் போட்டுக் குறை சொல்லக் கூடாது என்பது முதல் வாதம். ஒப்புக்கொள்கிறேன். முப்பந்தலிலும் கயத்தாற்றுப் பக்கத்திலும் காற்றாலைத் தூணைச் சுற்றி உழவு நடக்கிறது, ஆடு மேய்கிறது. சூரிய நிலையம் முழு நிலத்தையும் வேலிக்குள் எடுத்துக்கொள்கிறது. கமுதியில் ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, பாவகடாவில் ஆறு ஏக்கருக்கு மேல். மெகாவாட்டையும் தவிர்த்த கரியமிலத்தையும் மட்டும் எண்ணும் அறிக்கைகள் இந்த வேறுபாட்டையே மறைத்து, நிலத்தை விட்டுவைத்த காற்றாலைக்குச் சேர வேண்டிய பெயரைக் கெடுக்கின்றன.

விற்றவர் மனமுவந்துதானே விற்றார் என்பது இரண்டாவது. ஆம். விற்றவரைக் கேட்டார்கள். உழைத்தவரையும் மேய்த்தவரையும் கேட்கவில்லை.

மூன்றாவது வாதம் கனமானது. 2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமற்ற மின்திறன் என்று நாடு இலக்கு வைத்திருக்கும்போது, ஒவ்வொரு ஊரிலும் மதிப்பீடு, கூட்டம் என்று போனால் வேகம் குறையும், அத்தனை நாளும் நிலக்கரி எரியும், எண்ணூர்க்காரர் சாம்பலைச் சுவாசிப்பார். இதை எளிதாகத் தள்ள முடியாது. நானே எண்ணூரைச் சொல்லித்தான் வாதத்தைத் தொடங்கினேன். ஆனால் எண்ணூர் எப்படி எண்ணூர் ஆனது? நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்ற உண்மையான தேவையின் பேரில், அங்கிருந்தவர்களின் கணக்கை யாரும் எடுக்காததால்தான். அதே தேவையைச் சொல்லி அதே தவறைக் கரிசலில் செய்வதற்கு இந்த வாதம் இடம் தரக் கூடாது. நான் கேட்கும் கணக்கெடுப்புக்கு ஆண்டுகள் ஆகாது. ஒரு வட்டாரத்தில் நிலம் பேசி முடிக்கப் பல மாதங்கள் எடுக்கத்தான் செய்கிறது. அந்த மாதங்களுக்குள் ஊரில் வீடுவீடாகப் போய் வரலாம்.

எடுக்க வேண்டிய கணக்குக்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற விளக்கத்தை அப்படியே எடுத்து, நிலம் எந்த வழியில் கைமாறினாலும், வாங்கினாலும் குத்தகையானாலும், பொருத்த வேண்டும். வேலி விழுவதற்கு முன் அந்தக் குடும்பங்களின் வேலை நாள், கூலி, மேய்ச்சல், விறகு, பாதை ஆகியவற்றைப் பதிந்து, அதே குடும்பங்களைப் பிறகு மூன்றாம் ஆண்டும் எட்டாம் ஆண்டும் போய்ப் பார்க்க வேண்டும். நிறுவனம் முழுமைக்கும் ஒரே அறிக்கை என்பது போய், நிலையத்துக்கு ஒன்று வேண்டும். ராஜஸ்தானில் நடந்த நன்மை ராமநாதபுரத்து நட்டத்தை மூடக் கூடாது. செலவை நிறுவனம் ஏற்கட்டும், ஆளை நியமிப்பது அதன் கையில் இருக்கக் கூடாது. முடிவை ஊரில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை அதிகாரம் தந்தது. நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோலைத் தணிக்கை செய்யத் தெரிந்த ஊருக்குச் சூரியப் பூங்காவின் வாக்குறுதிகளையும் தணிக்கை செய்யத் தெரியும்.

என் தீர்ப்பு இது. சி.எஸ்.ஆர். தாக்க மதிப்பீடு நன்கொடைக் கணக்காக மட்டும் செல்லும். பி.ஆர்.எஸ்.ஆர். நல்ல சட்டகம், ‘பொருந்தும் சட்டங்களின்படி’ என்ற ஒட்டை நீக்கி, தனியார் பேசி வாங்கிய, குத்தகைக்கு எடுத்த நிலத்தின் விவரத்தையும் அதைச் சார்ந்திருந்த நிலமற்றோர் எண்ணிக்கையையும் கேட்டால் அது பயன்படும், கேட்காதவரை பயன்படாது. ஒற்றை எண்ணில் முடிவு சொல்லும் முறைகளை இந்தத் துறையில் கைவிட வேண்டும். மொத்தத்தில், இந்தியாவில் எந்தப் பசுமை மின்சார நிறுவனமும் இன்றைய கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் சமூகத் தாக்கம் நல்லது என்று சொல்லிக்கொள்ள முடியாது. கெட்டது என்று நாமும் சொல்ல முடியாது. அளவே எடுக்கப்படவில்லை.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் சூரியப் பூங்காவுக்கு நிலம் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தால், அடுத்த சபையில் அந்தச் சர்வே எண்களில் மூன்றாண்டாகக் கூலி வேலை பார்த்தவர்கள், வாரத்துக்கு உழுதவர்கள், கரிமூட்டம் போட்டவர்கள், கிடை போட்ட கீதாரிகள் பெயரையும், ஆடு போகும் பாதையையும் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.